“ஆபத்து இரண்டு மடங்கு”: டாக்டர் படிக்கும்போதும் நாம் படிக்கும்போதும்

[திரை: கறுப்புப் பின்னணி. “ஆபத்து இரண்டு மடங்கு” என்ற ஒரே வரி.]

1995 அக்டோபர். பிரிட்டனில் மருந்துப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் குழு, டாக்டர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் ஓர் அவசரக் கடிதம் அனுப்பியது. டெசோஜெஸ்ட்ரல், ஜெஸ்டோடீன் ஆகிய ஹார்மோன்கள் உள்ள புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளைப் பற்றியது அது. பழைய வகையைவிட இவற்றில், ரத்தம் உறைந்து நாளத்தை அடைக்கும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு. கடிதத்தின் சாரம் இதுதான். இதில் பொய் எதுவும் இல்லை.

அதே வரி செய்திகளிலும் ஓடியது. பயந்துபோய்ப் பல பெண்கள் மாத்திரையையே விட்டுவிட்டார்கள். அடுத்த ஓராண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடின என்று மதிப்பிடுகிறார்கள்.

[திரை: ஒரு லட்சம் புள்ளிகள். 15 சிவப்பாகின்றன. பிறகு 30.]

பழைய மாத்திரை சாப்பிடும் ஒரு லட்சம் பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 15 பேருக்கு இந்தப் பிரச்சினை வரும். புதிய மாத்திரையில் சுமார் 30 பேருக்கு. மகப்பேறு மருத்துவர் “இரண்டு மடங்கு” என்று படிக்கும்போது அந்த 15 அவர் மனதில் ஏற்கெனவே இருக்கிறது. நம்மிடம் அது இல்லை. எதில் இரண்டு மடங்கு? தெரியாததால் மனது தானே ஒரு பெரிய எண்ணைப் போட்டுக்கொள்கிறது.

[திரை: 60 புள்ளிகள் சிவப்பாகின்றன.]

இது கர்ப்பம். ஒரு லட்சம் கர்ப்பங்களில் சுமார் 60 பேருக்கு இதே ரத்த உறைவு வருகிறது. அதாவது, உறைவுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்திக் கர்ப்பமான பெண்ணுக்கு ஆபத்து கூடத்தான் செய்தது. டாக்டருக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவரிடம் கேட்காமல் மாத்திரையை நிறுத்தியவருக்குத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பொதுமக்களுக்கு எழுதுவதென்றால் கடினமான சொல்லை எடுத்துவிட்டு, வாக்கியத்தைச் சின்னதாக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். “ஆபத்து இரண்டு மடங்கு” என்பதில் எந்தச் சொல் கடினம்? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். குறையாக இருந்தது தகவல்தான். என்னைக் கேட்டால், பொதுவாசகருக்கான மருத்துவக் கட்டுரை பல சமயம் நிபுணருக்கான கட்டுரையைவிட நீளமாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, அந்தச் செய்தியை எப்படி எழுதியிருக்கலாம்?

[திரை: கீழுள்ள வரிகள் ஒவ்வொன்றாக.]

“பழைய மாத்திரை சாப்பிடும் ஒரு லட்சம் பெண்களில் ஆண்டுக்கு 15 பேருக்கு ரத்த உறைவு வருகிறது. புதிய மாத்திரையில் இது 30 ஆகலாம். கர்ப்ப காலத்தில் இது 60. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.”

நிபுணர் இதழில் கடைசி வரிக்கு இடமில்லை. முடிவை அவரே எடுத்துக்கொள்வார்.

2015 அக்டோபரில் இதே கதை வேறு உருவில் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, சாசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சியைத் தன் புற்றுநோய்க் காரணிகள் பட்டியலின் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. உடனே “சாசேஜும் சிகரெட்டும் ஒன்று” என்கிற தொனியில் தலைப்புகள் வந்தன. ஒரு பொருள் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை மட்டும்தான் அந்தப் பிரிவு சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல. அந்தப் பட்டியலை வழக்கமாகப் புரட்டுகிறவர்களுக்கு இது தெரியும். முகமையே மேற்கோள் காட்டிய கணக்கில், பதப்படுத்திய இறைச்சி அதிகம் உண்பதால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 34,000 புற்றுநோய் மரணங்கள். புகையிலையால் சுமார் 10 லட்சம்.

அதற்காகப் பொதுவாசகருக்கு எழுதியதை அப்படியே நிபுணரிடம் நீட்டவும் முடியாது. அவர் கேட்கும் கேள்விகளே வேறு.

[திரை: “22%”.]

1995-இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வு ஒன்றைப் பாருங்கள். கொலஸ்ட்ரால் அதிகமுள்ள ஆண்கள் சுமார் 6,600 பேர். பாதிப் பேருக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பிரவாஸ்டாடின் என்ற மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. ஏறத்தாழ 5 ஆண்டுகளில், மருந்து சாப்பிட்டவர்களிடம் எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மரணம் 22 சதவீதம் குறைவு. நிபுணரின் கண் உடனே அடுத்த எண்ணுக்குப் போகும்: உண்மையான பலன் 0 முதல் 40 சதவீதம் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அப்புறம், ஆய்வில் பெண்களே இல்லை என்பதையும் குறித்துக்கொள்வார்.

நமக்கு முதலில் வேண்டியது வேறு. போலி மாத்திரை சாப்பிட்ட 1,000 பேரில் 41 பேர் இறந்தார்கள். மருந்து சாப்பிட்ட 1,000 பேரில் 32 பேர். 22 சதவீதம் என்றும் எழுதலாம், ஆயிரத்துக்கு 9 பேர் என்றும் எழுதலாம். மருந்து விளம்பரத்தில் இரண்டில் எது வரும் என்று உங்களுக்கே தெரியும்.