ஏணியில நீங்க எந்தப் படி?

எல்லாருக்கும் வணக்கம்ங்க. இந்த மழையிலயும் லைப்ரரிக்கு இத்தனை பேர் வந்திருக்கீங்க, சந்தோசம். (போனை மட்டும் சைலன்ட்ல போட்ருங்க சாமி.) மனசு நிறைவா இருக்கறதுக்கும் ஊரை விட்டு வெளிநாடு போற ஆசைக்கும் என்ன சம்பந்தம்ங்கறதுதான் இன்னிக்குப் பேச்சு.

சேலம் செவ்வாய்ப்பேட்டைல எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு கொலுசு பட்டறை, அண்ணன் தம்பி ரெண்டு பேரு நடத்தறாங்க. அண்ணன் நெருப்பை ஊதி ஊதி கண்ணிக்குக் கண்ணி பத்த வைக்கிறவரு, விரல் நுனியெல்லாம் கருத்துக் கெடக்கும், சோப்பு போட்டாலும் போவாது. தம்பி டிப்ளமோ முடிச்சவன், மெஷின் வாங்கிப் போட்டது, வாட்ஸ்அப்ல ஆர்டர் புடிக்கிறது எல்லாம் அவன்தான், பங்கும் அவனுக்குத்தான் கூட. இப்ப சொல்லுங்க, பாஸ்போர்ட் எடுத்து வெச்சிட்டு ஃபாரின் ஃபாரின்னு அலையறது யாரு? அட, தம்பிதாங்க!

ஹாட்லி கான்ட்ரில்னு ஒரு அமெரிக்க உளவியல்காரர் 1965லயே ஒரு ஏணியைக் காட்டினாரு. அடியில 0, உச்சில 10, உங்க வாழ்க்கை இப்ப எந்தப் படில நிக்குதுன்னு கேக்கறது, அவ்ளோதான். கருத்துக்கணிப்பு நடத்தற கேலப் நிறுவனம் 140க்கும் மேல நாடுகள்ல இதைக் கேக்குது, கூடவே வாய்ப்பு கெடைச்சா வேற நாட்டுல நிரந்தரமா குடியேறுவீங்களான்னும் கேக்குது. 2015-17ல உலகம் பூரா பெரியவங்கள்ல 15 சதவீதம் பேர் ஆமான்னாங்க. ஆனா 2020ல பொறந்த நாட்டை விட்டு வெளிய இருந்தவங்க ஐ.நா. கணக்குப்படி சுமார் 28 கோடி, உலக மக்கள்ல 3.6 சதவீதம்தான். ஆசைப்படறது வேற, பொட்டி கட்டறது வேறங்க.

கீழ்ப்படில நிக்கிறவங்களுக்குப் போற ஆசை அதிகம், அது பல ஆய்வுல வந்துருச்சு. ஆனா கீழ்ப்படின்னா ஏழைன்னு நெனைச்சிராதீங்க. கரோல் கிரஹாம்ங்கற ஆய்வாளரும் இன்னொருத்தரும் 2011ல லத்தீன் அமெரிக்காவை வெச்சு எழுதினாங்க, போகத் துடிக்கிறவங்க சராசரிய விட வசதியும் படிப்பும் உள்ளவங்க, மனசுதான் நிறையல. நம்ம தம்பியே தான், அண்ணனோட அவன் எங்க தன்னை ஒப்பிடறான், கூடப் படிச்சவன் சிங்கப்பூர்ல நின்னு போடற ஸ்டேட்டஸோடதான் ஒப்பிடறான்.

இதோட முடிஞ்சிருந்தா நானும் சீக்கிரம் எறங்கிருப்பேன். 2015ல ஐவ்லெவ்ஸ்னு ஒரு ஆய்வாளர் ஐரோப்பா, மத்திய ஆசியா பக்கம் பாத்தா, ரொம்பக் கீழ இருக்கறவங்களும் போறேங்கறாங்க, ரொம்ப மேல இருக்கறவங்களும் போறேங்கறாங்க, நடுவுல இருக்கறவங்கதான் கம்மி. எனக்கு இதுல ஆச்சரியமே இல்லைங்க, மனசு தெம்பா இருக்கறவனுக்குத்தானே போனாப் பொழைச்சிக்கலாம்ங்கற தைரியம் வரும்? ஏற்காட்டு மலையாளி பழங்குடி மக்களே (கேரளாக்காரங்க இல்லைங்க) காஞ்சிபுரத்துலருந்து வந்ததாத்தான் அவங்க பெரியவங்க கதை சொல்றாங்க, என்ன மனநிலைல மலை ஏறுனாங்களோ, எந்த சர்வேயும் அப்ப போகல.

சரி, போனா படி ஏறுமா? 2018 உலக மகிழ்ச்சி அறிக்கைல, குடியேறுனவங்க திருப்தி அந்தந்த நாட்டுக்காரங்க அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துருதுன்னு போட்டிருந்தாங்க, குடியேறுனவங்க பட்டியல், நாட்டு மக்கள் பட்டியல் ரெண்டுலயும் ஃபின்லாந்துதான் முதல். அப்ப தம்பி கணக்கு முழுத் தப்பும் இல்லை.

போன வாரம் அண்ணன்கிட்டயே ஏணியைக் கேட்டுப் பாத்தேன். ஊதுகுழாயை வாயிலருந்து எடுக்காமலே கையில ஏழுன்னு காட்டினாரு. உள்ள எட்டிப் பாத்து, "அவன் போய்ட்டா அஞ்சுங்க சார்"னாரு.

மைக் பின்னாடி வரிசைக்குப் போகுது, கேள்வி இருந்தா கேளுங்க. எட்டு மணிக்கு கேட்டைப் பூட்டிருவாங்க.