காட்டுக்கோழி கண்ணு வெச்ச ஸ்ட்ரீமர்

எல்லாருக்கும் வணக்கம். நான் இன்னைக்கு பேசப்போறது தூண்டில்ல போடற ஃப்ளை பத்தி, அதுலயும் இறகு வெச்சு கட்டற பழைய ஸ்ட்ரீமர் பத்தி. ஃப்ளைன்னதும் பூச்சின்னு நெனப்பீங்க, ஆனா ஸ்ட்ரீமர் பூச்சி இல்ல, குட்டி மீன். நீளமான முள்ளுல பட்டுநூல், ஜரிகை, சேவல் இறகெல்லாம் கட்டி தண்ணியில இழுத்தா பொடி மீன் ஓடற மாதிரியே இருக்கும்.

இதுக்கு பேர்போன எடம் அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்து ரேஞ்ச்லி ஏரிங்க. அங்க அப்பர் டேம்ல கேரி ஸ்டீவன்ஸ்னு ஒரு அம்மா இருந்தாங்க, வீட்டுக்காரர் மீன்பிடி கைடு, இவங்க பெண்களோட தொப்பிக்கு அலங்காரம் பண்ற தொழில் தெரிஞ்சவங்க. 1924 ஜூலை 1ஆம் தேதி வீட்டு வேலைய அப்படியே போட்டுட்டு ஒரு ஃப்ளை கட்டி எடுத்துட்டு போய் போட்டாங்க, ஒரு மணி நேரத்துக்குள்ள 6 பவுண்டு 13 அவுன்ஸ்ல புரூக் ட்ரௌட்னு ஒரு மீன் மாட்டிச்சு, நம்ம கணக்குல மூணு கிலோவுக்கு மேல! ஃபீல்ட் அண்ட் ஸ்ட்ரீம் பத்திரிகை போட்டியில அதுக்கு ரெண்டாம் பரிசு கெடச்சுது, அப்புறம் ஆர்டர் வந்து குவிஞ்சு 1953 வரைக்கும் கட்டி வித்தாங்க. முள்ள பிடிச்சுக்க வைஸ்கூட வெச்சுக்கல, எல்லாம் வெறும் விரல்லயே.

அவங்க கட்டினதுல பெரிய பேரு வாங்கினது கிரே கோஸ்ட். ஆரஞ்சு பட்டு சுத்தின உடம்பு, மேல வெள்ளி ஜரிகை, அடியில வெள்ளை மான்வால் முடியும் மயில்தோகை இழையும், ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டா சாம்பல் நிற சேவல் இறகு, அதுக்கு மேல தோள் மாதிரி சில்வர் ஃபெசன்ட்ங்கற பறவையோட இறகு, கடைசியா கண்ணுக்கு ஜங்கிள் காக் இறகு. ஜங்கிள் காக் யாருன்னு பாத்தா நம்ம சாம்பல் காட்டுக்கோழி! நான் கூடலூர் பக்கம் பொறந்தவன், விடியக்காலைல அது கூவற சத்தம் கேட்டு வளந்தவன், அந்த சேவலோட கழுத்து இறகுல மஞ்சளா மெழுகு சொட்டினாப்ல பளபளன்னு ஒரு புள்ளி இருக்குமே, அதத்தான் அவ்ளோ தூரத்துல ஒரு அம்மா மீனுக்கு கண்ணா வெச்சிருக்காங்கன்னு தெரிஞ்சப்போ எனக்கு மனசே நெறஞ்சு போச்சு. காட்டுல இருக்கற பறவைய நம்ம நாட்டுல தொடக்கூடாது, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இருக்கு, அது ரொம்ப சரி. இப்போ ஃப்ளை கட்டறவங்க வெளிநாட்டுல பண்ணையில வளர்த்த பறவையோட இறகத்தான் வாங்கணும், நான் அதுல கண்டிப்பா இருக்கேன்.

கட்டறதுல கஷ்டமே ரெக்கைதான். கேரி அம்மா என்ன பண்ணுவாங்கன்னா சேவல் இறகு, தோள், கண்ணு மூணையும் முதல்ல ஒண்ணா ஒட்டி காயவெச்சு, அப்புறம்தான் முள்ளோட ரெண்டு பக்கத்துலயும் கட்டுவாங்க. மேல நட்டுக்கிட்டு நிக்காம உடம்பை ஒட்டி படுத்திருக்கணும், அப்போதான் ஒல்லியா மீன் மாதிரி தெரியும். ஒரு பக்கத்துக்கு சேவலோட இடது பக்க இறகு, இன்னொண்ணுக்கு வலது பக்கம், வளைவு உள்ள பாத்து இருக்கணும். நான் முதல்ல இத கவனிக்காம கட்டி, தண்ணியில இழுத்தா ஃப்ளை பம்பரமா சுத்துது, கயிறெல்லாம் முறுக்கிக்கிச்சு! இப்போ கட்டினதும் வாளித் தண்ணியில விட்டு இழுத்து பாத்துட்டுதான் பெட்டியில வெப்பேன்.

போடறதுக்கு நல்ல நேரம் வசந்த காலத்துல ஏரியில ஐஸ் உருகினவுடனே. ஸ்மெல்ட்னு ஒரு சின்ன வெள்ளி மீன் முட்டை போட ஓடை வாய்க்கு வரும், அத தின்ன சால்மன் பின்னாலயே வரும், கடலுக்குப் போகாம ஏரியிலயே வாழற சால்மன். படகு மெதுவா போகும்போது ஸ்ட்ரீமர பின்னால விட்டு ராடை அப்பப்போ ஒரு சுண்டு சுண்டணும், ஒரே வேகத்துல இழுத்துட்டே போனா மீன் பின்தொடர்ந்து வந்துட்டு திரும்பிடும், சுண்டினதும் இறகு விரிஞ்சு மூடும், அப்பதான் அடிக்கும்.

போன வசந்தத்துல ஒரு சால்மன் அப்படி அடிச்சு ரெண்டு தடவ மேல தாவிச்சு, பிடிச்சு பாத்துட்டு தண்ணியிலயே விட்டுட்டேன். ஃப்ளைய பாத்தா ஒரு பக்கத்து கண்ணு நடுவுல கிழிஞ்சிருந்தது. ராத்திரி ஊசி முனையில ஒரு சொட்டு வார்னிஷ் எடுத்து பின்பக்கமா தடவி சேத்து வெச்சேன், காலைல திரும்ப அதையே கட்டிக்கிட்டு கெளம்பிட்டேன்.