இதயம் தளரும்போது ஞாபகமும் மனசும்

நேயர்களுக்கு வணக்கம். இதய டாக்டரைக் கூப்பிட்டால் மறதியைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைக்காதீர்கள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு.

மாரடைப்பு வேறு, இதயச் செயலிழப்பு வேறு. நான் பேச வந்தது இதயச் செயலிழப்பைப் பற்றி. இதில் இதயம் நின்றுவிடுவதில்லை. உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தை அனுப்ப முடியாமல் திணறுகிறது. கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். இதெல்லாம் வீட்டிலிருப்பவர்கள் கண்ணில் பட்டுவிடும். தலைக்குள் நடப்பதுதான் படாது. மூளையின் எடை உடம்பில் சுமார் 2 சதவீதம். ஆக்ஸிஜனில் 20 சதவீதம் அதற்கே போகிறது. ரத்த ஓட்டம் குறைந்தால் கவனம் சிதறும், யோசனை மந்தமாகும், இப்போது கேட்டது நிற்காது. பழைய கதைகள் மட்டும் அப்படியே இருக்கும். அதனால்தான், "எல்லாம் ஞாபகம் இருக்கு, மாத்திரை மட்டும் மறக்குதா?" என்று வீட்டில் கோபப்படுகிறார்கள்.

என்னிடம் வந்த ஒரு கணக்கு வாத்தியார், ஓய்வு பெற்றவர். "எப்படி இருக்கீங்க சார்?" என்றால், "நல்லா இருக்கேன்." பின்னால் நின்ற அவர் மனைவி இல்லை என்று தலையாட்டுகிறார். "பேப்பர்ல ஒரே பக்கத்தையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கார் டாக்டர். பேரன் கணக்கு கேட்டா, உங்கப்பாகிட்டப் போடாங்கறார்." கணக்கு வாத்தியார், கவனியுங்கள்! மாத்திரைகளை மேஜையில் கொட்டி, எது எப்போது போடுகிறார் என்று கேட்டேன். காலையில் போட வேண்டிய நீர் மாத்திரையை, அதாவது உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரையை, மறந்துவிட்டு, ராத்திரி ஞாபகம் வந்ததும் போட்டிருக்கிறார். விடிய விடிய பாத்ரூம். தூக்கம் போச்சு. மறுநாள் இன்னும் மந்தம், இன்னும் மறதி. அப்புறம், "எதுக்கு இந்த மாத்திரையெல்லாம்" என்ற விரக்தி. வேளைவாரியாகப் பிரித்த டப்பா, ஒரு அலாரம், மனைவியின் மேற்பார்வை. தூக்கம் திரும்பியதும், பேரனைத் திட்டிச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத் தேறினார்.

இதனால்தான் எங்கே பேசினாலும் சொல்கிறேன்: டாக்டரிடம் தனியாகப் போகாதீர்கள். கூட இருப்பவருக்குத்தான் தெரியும். திரும்பவும் சொல்கிறேன், கூட இருப்பவரைப் பேச விடுங்கள்.

இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறது. அசதி, தூக்கமின்மை, பசியின்மை எல்லாம் இதய நோயிலும் வரும். அதனால் பிரித்தறிவது கஷ்டம். பிடித்த விஷயமே பிடிக்காமல் போகிறதா என்று பாருங்கள். மனச்சோர்வு வந்தவர் மாத்திரையை விடுகிறார், மாத்திரையை விட்டால் இதயம் இன்னும் தளர்கிறது.

ஒன்று முக்கியம். மறதி மெல்ல வருவது வேறு. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்புகிறார் என்றால் வயசு என்று விடாதீர்கள். ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச் சத்து குறைந்திருக்கலாம், தொற்று இருக்கலாம், பக்கவாதமாகவும் இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரி.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். உடற்பயிற்சி பற்றி நிறையச் சொல்ல வந்தேன்; சுருக்கமாக, டாக்டர் அனுமதித்த அளவுக்கு நடந்தால் மனச்சோர்வும் ஓரளவு குறைகிறது. மனசுக்கான மாத்திரையை மட்டும் நீங்களாகக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். அவற்றில் சில இதயத் துடிப்பின் சீரைக் கெடுக்கும்.