கூடுதல் விலையை லிட்டரில் எண்ணிப் பார்ப்போம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஆறு வருடமாக ஒரு சின்ன மின்சார கார் ஓட்டுகிறேன். எங்கே நிறுத்தினாலும் யாராவது வந்து கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பெட்ரோல் காரைவிடக் கூடக் கொடுத்த காசை எடுத்துவிட்டீர்களா?" எடுத்துவிட்டேன். ஆனால் இதே காரை வாங்குகிற எல்லோருக்கும் அந்தக் காசு திரும்பி வந்துவிடாது. ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

கணக்கை லிட்டரில் போடுவோம். பணத்தில் சொன்னால் இடத்துக்கு இடம் மாறும், அடுத்த மாதமே பழசாகிவிடும். ஒரு சின்ன பெட்ரோல் கார் 100 கிலோமீட்டர் ஓட சுமார் 5 லிட்டர் குடிக்கும். அதே அளவு மின்சார கார், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, சுமார் 14 யூனிட் மின்சாரம் எடுக்கும். யூனிட் என்றால் ஒரு கிலோவாட் கருவி ஒரு மணி நேரம் இழுக்கிற அளவு. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அப்படியானால் 5 லிட்டரில் 45 யூனிட். அதில் பெரும்பங்கு வெறும் சூடாக ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் போய்விடுகிறது. மின்சார காரில் அந்த வீண் மிகக் குறைவு. மிச்சம் அங்கேதான் பிறக்கிறது.

சரி, உங்கள் வீட்டில் ஒரு யூனிட் மின்சாரம் ஒரு லிட்டர் பெட்ரோல் விலையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 14 யூனிட்டுக்கு 1.4 லிட்டர் காசு ஆகும். 100 கிலோமீட்டருக்கு 3.6 லிட்டர் கையில் நிற்கும். இரண்டு கார்களுக்கும் உள்ள விலை வித்தியாசம் 3,600 லிட்டர் பெட்ரோல் வாங்குகிற காசு என்றால், ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடினால் சரிக்குச் சரி. தினம் 40 கிலோமீட்டர், வருடத்துக்கு 300 நாள் ஓட்டுகிறவருக்கு அதற்கு எட்டு வருடத்துக்கு மேல் ஆகும். 80 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு நாலு வருடம் சொச்சம். நான் போக வர 70 கிலோமீட்டர் ஓட்டுகிறவன். கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் காரை எடுக்கிற குடும்பத்துக்கு இந்தக் காசு வரவே வராது.

இதே கணக்கில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். வீட்டில் சார்ஜ் போட வழியில்லை, பொது இடத்து அதிவேக சார்ஜரையே நம்ப வேண்டும், அங்கே யூனிட்டுக்கு மூன்று மடங்கு விலை என்று வையுங்கள். 14 யூனிட்டுக்கு 4.2 லிட்டர் காசு. 100 கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டருக்குச் சற்றே அதிகம்தான் மிச்சம். போட்டதை எடுக்க நாலரை லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆகவே கார் கடைக்குப் போவதற்கு முன்னால், ராத்திரி உங்கள் கார் நிற்கிற இடத்தைப் போய்ப் பாருங்கள். அங்கே ஒரு பிளக் பாயிண்ட் உண்டா? இந்தக் கேள்விதான் எனக்கு முதல் கேள்வி. சாதாரண மூன்று முனை பிளக் போதும். இரண்டு கிலோவாட்டுக்குச் சற்று மேலே இழுக்கிற அந்தப் பிளக்கில் எட்டு மணி நேரம் விட்டால் 120 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஏறும். ஆனால் எர்த் சரியாக இருக்க வேண்டும், அதற்கென்று தனி லைன் இழுத்திருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயரில் மட்டும் போடாதீர்கள். இத்தனை மணி நேரம் தொடர்ந்து மின்சாரம் பாய்ந்தால் அந்த வயரும் அதன் பிளக்கும் சூடேறி உருகிவிடலாம்.

சின்ன காருக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. சின்ன பெட்ரோல் கார் ஏற்கெனவே கொஞ்சமாகக் குடிப்பது. அதனால் அதற்குப் பதிலாக மின்சார கார் வாங்கினால் மிச்சமும் கொஞ்சம்தான். காரின் விலையிலோ பேட்டரிக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. ஆகவே வருடத்துக்கு இரண்டு தடவை போகிற நீண்ட பயணத்தை மனதில் வைத்துப் பெரிய பேட்டரிக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பேன். அந்த இரண்டு தடவைக்கு வாடகைக் கார் எடுத்துக்கொள்ளலாம்.

பராமரிப்பில் உண்மையாகவே மிச்சம் இருக்கிறது. இன்ஜின் ஆயில் கிடையாது, ஸ்பார்க் பிளக் கிடையாது, கிளட்ச் கிடையாது. நாலு வருடம் கழித்துச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். பிரேக் பேடு பாதிகூடத் தேயவில்லை, டிஸ்க்கின் ஓரத்தில் துருதான் பிடித்திருந்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைத்துவிடுகிறதே, பிரேக்குக்கு வேலை எங்கே? அதனால் அவ்வப்போது பிரேக்கை நன்றாக அழுத்தி அந்தத் துருவைத் தேய்த்துவிடுவது நல்லது. டயர் மட்டும் பேட்டரியின் எடையால் கொஞ்சம் சீக்கிரம் தேயும்.

அப்புறம், ஒரு நாள் காலையில் நடந்தது. காரை ஓட்டுகிற பெரிய பேட்டரியில் முக்கால்வாசி சார்ஜ் இருந்தது, கார் கதவுகூடத் திறக்கவில்லை. என்னவென்று பார்த்தால், பெட்ரோல் காரில் இருக்கிற அதே 12 வோல்ட் குட்டி பேட்டரி செத்துப்போயிருந்தது. கதவுப் பூட்டு, கம்ப்யூட்டர், பெரிய பேட்டரியை இணைக்கிற சுவிட்ச் எல்லாம் அதன் தயவில்தான் வேலை செய்கின்றன. இப்போது சில வருடத்துக்கு ஒரு தடவை, கெடுவதற்கு முன்பே மாற்றிவிடுகிறேன்.

பெரிய பேட்டரியைப் பற்றித்தான் எல்லோருக்கும் பயம். பல நிறுவனங்கள் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகின்றன. கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அவர்கள் பொறுப்பு. கெடுப்பது பெரும்பாலும் சூடு. 2010-இல் வந்த நிசான் லீஃப் காரில் பேட்டரியைத் திரவத்தால் குளிர்விக்கிற ஏற்பாடு இல்லை. வெயில் கொளுத்துகிற ஊர்களில் அதன் பேட்டரி சீக்கிரமே தளர்ந்தது. இன்று பல சின்ன கார்களில் வருகிற இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி நீண்ட ஆயுள் கொண்டது, முழுக்கச் சார்ஜ் செய்தாலும் தாங்கும். கடுங்குளிரில் மட்டும் மெதுவாக ஏறும்.

விற்கப் போகும்போது ஒரு வருத்தம் காத்திருக்கிறது. பல சந்தைகளில் மின்சார காரின் விலை பெட்ரோல் காரைவிட வேகமாக இறங்கியிருக்கிறது. மூன்று வருடத்தில் கார் மாற்றுகிறவர் இதைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். வாங்குகிறவருக்கு அதுவே லாபம். முதல் உரிமையாளர் தலையில் அந்த இறக்கம் விழுந்த பிறகு, பேட்டரியின் மீதிக் கொள்ளளவைச் சோதித்துப் பார்த்து வாங்கினால், நான் சொன்ன 3,600 லிட்டர் பாதியாகக்கூடக் குறையலாம்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் போன வருடம் யோசனை கேட்டார். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார், கார் தெருவில் நிற்கும், தினம் 15 கிலோமீட்டர்தான் ஓட்டம். இந்தக் காரை இவ்வளவு நேசிக்கிற நானே, இப்போது வேண்டாம் என்று சொன்னேன். அவர் பெட்ரோல் கார்தான் வாங்கினார். வண்டி நிறுத்துமிடத்தில் பிளக் வைக்க அனுமதி கேட்டுக் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு கடிதமும் கொடுத்திருக்கிறார். அது கிடைத்ததும் காகிதமும் பேனாவுமாக இருவரும் உட்கார்ந்து இந்தக் கணக்கை மறுபடி போடப் போகிறோம்.

நன்றி, வணக்கம்.