வாத்தியாருக்குச் சம்பளம் யார் தருவது?

(செய்யாற்றுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறுவர் கலைப்பள்ளியின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாவுக்குத் தலைமை தாங்கும் ஐயா அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, தர்மராஜா கோயில் தர்மகர்த்தா ஐயா அவர்களே, பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, கூட்டுறவுச் சங்கச் செயலாளர் தம்பி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் தலைவர் அவர்களே (இவரை விட்டுவிட்டால் நாளை நான் ஊர் எல்லையைத் தாண்ட முடியாது), களையெடுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, திரைக்குப் பின்னால் அரிதாரத்தோடு உட்கார்ந்து ‘இந்தக் கிழவர் எப்போது முடிப்பார்’ என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கும் குழந்தைகளே, அனைவருக்கும் வணக்கம்.

நன்றிக் கடனை முதலில் தீர்த்துவிடுகிறேன். கோயில் மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்ததோடு மின்கட்டணத்தையும் கோயில் கணக்கில் சேர்த்துக்கொண்டவர் தர்மகர்த்தா ஐயா. சனி, ஞாயிறுகளில் வகுப்பறைச் சாவியை நம்பிக் கொடுத்தவர் தலைமையாசிரியர். சாவியைக் கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களுக்குத்தான் தெரியும். ஒலிபெருக்கி வைத்த தம்பி பாதி வாடகைதான் கேட்டார். அந்தப் பாதியிலும் பாதி இன்னும் பாக்கி. மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். மகிழ்ச்சி. வீட்டில் ஏற்கெனவே ஒரு பீரோ நிறையப் பொன்னாடை இருக்கிறது. அடுத்த ஆண்டு அதற்கான தொகையை ரசீது போட்டு இந்தப் பள்ளியின் கணக்கில் கட்டிவிடுங்கள். மேடையில் ரசீதைப் போர்த்தினாலும் வாங்கிக்கொள்வேன்.

மூன்று செய்திகளைப் பேசச் சொன்னார்கள். ஒன்று, பணம். இரண்டு, பெண் குழந்தைகள் தெருக்கூத்தில் வேடம் கட்டி ஏறுவது. மூன்று, பள்ளிப் படிப்பும் கலையும் ஒன்றோடொன்று மோதுமா என்பது. மூன்றையும் பேசத்தான் வந்திருக்கிறேன்.

நான் வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். இந்த அறக்கட்டளைக்கும் கணக்கு எழுதுகிறேன். ஆகவே எந்தப் பேச்சை எடுத்தாலும் எனக்கு வரவு செலவில்தான் போய் முடியும். என் தாயார் அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். உடம்பைப் பார்த்துக்கொள் என்பதற்காக அவர் சொன்னது. இந்தக் கலைப்பள்ளியின் பேரேட்டைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழமொழிதான் ஞாபகம் வருகிறது. சித்திரத்துக்குப் பணம் தர ஆள் உண்டு. சுவருக்குத் தருவார் இல்லை.

சித்திரம் எது, சுவர் எது? மிருதங்கம் வாங்கித் தருகிறேன் என்று வருகிறார்கள். ஹார்மோனியம் தருகிறார்கள். எங்களிடம் இப்போது ஹார்மோனியம் மூன்று. அதைச் சொல்லிக்கொடுக்க வருகிறவருக்குச் சில மாதங்களில் பஸ் கட்டணம்கூடக் கையில் இருப்பதில்லை. சலங்கை வருகிறது, திரைச்சீலை வருகிறது, எல்லாவற்றிலும் நன்கொடையாளர் பெயர் வருகிறது. வாத்தியார் முதுகில் பெயர் எழுத முடியாதல்லவா? அதனால் அவருக்குச் சம்பளம் மட்டும் வருவதில்லை.

நேற்று சாயங்காலம் நம் கூத்து வாத்தியார் பிள்ளைகளுக்கு வேடம் கட்டிவிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாத் தாளும் ஒட்டிய கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம். பெரியவர்களுக்குச் செய்த உருப்படியைப் பிள்ளைகள் மேல் ஏற்றினால் கழுத்து தாங்காது. அதற்காகவே சிறியதாக அவரே செதுக்கியிருக்கிறார். பையனின் இடுப்பைச் சுற்றிப் பழைய சேலைகளை மடித்து வைத்துக் கயிற்றை இழுக்கிறார். ஓர் இழுப்பு அதிகமானால் பையனுக்கு மூச்சு முட்டும், குரல் எழும்பாது. ஓர் இழுப்பு குறைந்தால், கிறுக்கி என்கிற வேகச் சுழற்சியில் சுற்றும்போது வேடம் அவிழ்ந்து விழும். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது அவர் விரலுக்குத் தெரிகிறது. அந்த விரலுக்குத்தான் நாம் சம்பளம் கேட்கிறோம்.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு, வெளியூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர், பெயர் வேண்டாம். நிதி தரலாமா என்று நேரில் பார்த்துவிட்டுப் போக வந்தார். நான்கு மணிக்கு வருகிறேன் என்றவர் ஏழு மணிக்கு வந்தார். பிள்ளைகளோ மூன்று மணிக்கே வேடம் கட்டியாயிற்று. கட்டை வேடம் கட்டிவிட்டால் சரியாக உட்கார முடியாது, படுக்க முடியாது, தண்ணீர் குடித்தால் உதட்டுச் சாயம் கலையும். துரியோதனன் தூணில் சாய்ந்து நின்றபடியே தூங்கிவிட்டான். பீமன் பசிக்கிறது என்று அழுதான். அது வேடத்துக்குப் பொருத்தம்தான்.

வந்தவர் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். வாத்தியாரைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். பயனாளிகள் எத்தனை பேர்? திட்டத்தின் விளைவை எப்படி அளப்பீர்கள்? துணிமணிக்கு மூன்று கடையில் கொட்டேஷன் வாங்கினீர்களா? வாத்தியார் என்னைக் கை காட்டினார். நான் கோப்பைத் தேடினேன். இத்தனையையும் திரை ஓரமாக நின்று ஒரு பயல் கேட்டுக்கொண்டிருந்தான். அவன்தான் அன்றைக்குக் கட்டியங்காரன்.

கட்டியங்காரன் யார் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கூத்தின் கோமாளி; அரசனையும் கிண்டல் செய்வான், ஊர் நாட்டாண்மையையும் கிண்டல் செய்வான், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அன்று துகில் உரிதல். துச்சாதனன் இழுக்கிறான், சேலை வந்துகொண்டே இருக்கிறது. தாய்மார்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அந்த நேரம் பார்த்து இந்தப் பயல் நடுவே பாய்ந்து இரண்டு கையையும் தூக்கினான்.

“நிறுத்துங்கள்! கிருஷ்ண பரமாத்மாவே, சேலை எத்தனை மீட்டர்? பில் இருக்கிறதா?”

கூட்டம் ஒரு விநாடி திகைத்தது. அவன் விடவில்லை.

“மூன்று கடையில் கொட்டேஷன் வாங்கினீரா, இல்லை தெரிந்த கடையிலேயே எடுத்துவிட்டீரா? துச்சாதன அண்ணே, இழுத்த துணியை அளந்து புத்தகத்தில் ஏற்றினீரா? திரௌபதி அம்மா, பயனாளி நீங்கள் ஒருவர்தானா? ஒருவருக்கு இவ்வளவு துணி என்றால் மேலிடத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்களே!”

முகவீணைக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார். துரியோதன மகாராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவிக் கண்ணை மறைத்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அந்த அதிகாரிதான்; கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திட்டத்தின் விளைவை எப்படி அளப்பீர்கள் என்று கேட்டாரே, அந்தப் பயல் அளந்து காட்டிவிட்டான். எழுதிக் கொடுத்த வசனத்தில் இல்லாததை, கேட்ட அரை மணி நேரத்துக்குள் மேடையில் ஏற்றத் தெரிகிற பிள்ளைக்கு வேறு என்ன சான்றிதழ் வேண்டும்?

பணம் வந்தது. எதற்கு வந்தது? நாற்காலிகளுக்கு, ஒரு பெரிய பெயர்ப்பலகைக்கு, முதுகில் கம்பெனிப் பெயர் பொறித்த பனியன்களுக்கு. ‘ஆசிரியர் ஊதியம்’ என்று நாங்கள் எழுதிய வரியை மட்டும் அடித்து, ‘நிர்வாகச் செலவு, அனுமதியில்லை’ என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். சுவர் இல்லாமல் சித்திரம்!

இந்தக் குறிப்பைப் பார்த்த பிறகு சட்டத்தையே எடுத்துப் படித்தேன். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், 135-ஆம் பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எந்தெந்தப் பணி என்பதற்கு ஏழாம் அட்டவணை இருக்கிறது. அதில் கலை, பண்பாடு, மரபுக் கலைகளின் வளர்ச்சி எல்லாம் வெளிப்படையாகவே இடம்பெற்றிருக்கின்றன. தொழில் நடக்கும் இடத்துக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. நிர்வாகச் செலவுக்கு 5 விழுக்காடு வரம்பு உண்டு, உண்மை. அந்த வரம்பு, இந்தப் பணியை மேற்பார்க்கக் கம்பெனி தனக்குச் செய்துகொள்ளும் செலவுக்கு. வகுப்பில் நின்று பாடம் நடத்தும் வாத்தியாரின் சம்பளம் திட்டச் செலவு. 2021 ஏப்ரல் முதல் இப்படி நிதி பெறும் அறக்கட்டளைகள், சி.எஸ்.ஆர். எனப்படும் கம்பெனிச் சமூகப் பொறுப்புக்கான சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிய வேண்டும். அதையும் முடித்து வைத்திருக்கிறோம். இனி எந்த அதிகாரியும் அந்த வரியை அடிக்க வந்தால் என்னிடம் அனுப்புங்கள்.

அரசு செய்யவில்லையா என்று கேட்பீர்கள். ஜவகர் சிறுவர் மன்றங்கள் 5 வயது முதல் 16 வயது வரை உள்ள குழந்தைகளுக்குக் கலைகளைக் கற்றுத் தருகின்றன. நல்ல ஏற்பாடு, பெரும்பாலும் நகரங்களில் இருக்கிறது. 2012-இல் ஓவியம், உடற்கல்வி, கணினி முதலிய பாடங்களுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தார்கள். அந்தச் சம்பளத்தை உயர்த்தக் கேட்டு அவர்கள் வீதியில் உட்கார்ந்ததை நீங்கள் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. கலையரசன், கலையரசி என்று பட்டம் தருகிறார்கள். வரவேற்கிறேன். போட்டிக்கு மேடை போட்டாயிற்று. போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவர் யார்? அங்கேயும் சுவரைக் காணோம்.

நம் பகுதிக்கு என்ன குறை? கூத்துக்குப் பேர்போன புரிசை பக்கத்தில்தான் இருக்கிறது. புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தில் மனம் பறிகொடுத்த எழுத்தாளர் ந. முத்துசாமிதான் 1977-இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் கூத்துக் கலைஞர் ராஜகோபால் வாத்தியாரும் அவர் மனைவி ஹன்னே அம்மையாரும் 2002-இல் கட்டைக்கூத்து குருகுலம் தொடங்கி, பள்ளிப் படிப்பையும் கூத்தையும் ஒரே கூரையின் கீழ் நடத்தினார்கள். ஆண்களே பெண் வேடம் கட்டிய களத்தில் பெண் பிள்ளைகளை ஏற்றினார்கள். என் இரண்டாவது செய்திக்கு இந்த ஓர் எடுத்துக்காட்டு போதும். அந்தக் குருகுலம் 2020-இல் மூடப்பட்டது. உலகம் அறிந்த பள்ளிக்கே அந்த நிலை என்றால், கோயில் மண்டபத்தில் பாய் விரித்து நடக்கும் நம் பள்ளி எதை நம்பி நாளைக்கு நடக்கும்?

தலைவர் ஐயா துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். மூன்றாவது செய்தியைத் தலைமையாசிரியர் என்னைவிட நன்றாகப் பேசுவார், அவரிடம் விட்டுவிடுகிறேன்.

கேட்பது இரண்டுதான். இங்கே கூடியிருப்பவர்களில் முடிந்தவர்கள் மாதம் நூறு ரூபாய் தாருங்கள். நூறு பேர் சேர்ந்தால் மாதம் பத்தாயிரம். வாத்தியாருக்கும் பின்பாட்டுக்காரருக்கும் அது சம்பளம். பொருளாகத் தர வேண்டாம், ஹார்மோனியம் வேண்டவே வேண்டாம். நடுவில் நிறுத்தாமல் தாருங்கள், அது போதும்.

இன்னொன்று ஊராட்சித் தலைவர் அம்மாவிடம். செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையில் எத்தனை தொழிற்சாலைகள் இருக்கின்றன! நம் ஊர்ப் பெண்கள் விடியற்காலையில் வேன் ஏறி அங்கேதான் வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகள்தான் இங்கே ஆடுகிறார்கள். சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை என்று சட்டம் சொல்கிறதே, இதைவிட நெருங்கிய சுற்றுவட்டாரம் ஏது? அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு தீர்மானம் போடுங்கள்: சட்டப்படி கடமை உள்ள தொழிற்சாலைகள், சிறுவர் கலைப்பள்ளி ஆசிரியர்களின் மூன்று ஆண்டுச் சம்பளத்தை ஏற்க வேண்டும் என்று இந்தக் கிராம சபை கேட்டுக்கொள்கிறது. அவ்வளவுதான் வாசகம். நகல் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். இறங்கி வந்ததும் தருகிறேன், படித்துப் பார்த்துத் திருத்தம் இருந்தால் சொல்லுங்கள் அம்மா. மாதம் நூறு தருகிறவர்களுக்கான பதிவேடு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் வரியை முன்னாள் தலைவர் ஐயாவுக்காகக் காலியாக விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். நன்றி, வணக்கம்.