நாலு பாடத்துல பாஸ், ஒண்ணுல ஃபெயில்! நம்ம அலையாத்திக் காட்டோட மார்க் ஷீட்

[தொடக்கக் காட்சி: மேலிருந்து எடுத்த பிச்சாவரம். பச்சைக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போற தண்ணி. இசை வேண்டாம், துடுப்புச் சத்தம் மட்டும்.]

ஒரு பையன் பத்தாவது எழுதுறான். தமிழ் 95. இங்கிலீஷ் 90. கணக்கு 100. சமூக அறிவியல் 92. அறிவியல் 12.

ரிசல்ட் என்ன? ஃபெயில். அவங்க அப்பா "கணக்குல நூறுடா என் சிங்கம்"னு தெரு முழுக்க லட்டு கொடுத்தாலும் ஃபெயில் ஃபெயில்தான்.

நம்ம கடற்கரைச் சேத்துல நிக்கிற அலையாத்திக் காடு, அதாவது மாங்குரோவ், அதுதான் அந்தப் பையன். லட்டு கொடுக்கிற அப்பா யாருன்னு வீடியோ முடியறதுக்குள்ள உங்களுக்கே தெரிஞ்சிடும்.

வணக்கம் மக்களே. தலைப்பைக் கேட்டா தூக்கம் வரும், அதனால மெதுவா சொல்றேன்: சூழல் மண்டல அபாய மதிப்பீடு. அதை ஒருங்கிணைந்த கடலோர மேலாண்மைத் திட்டத்துல எப்படிப் பயன்படுத்துறது. இருங்க, ஓடிடாதீங்க. பரீட்சை விஷயம்தான் இது.

புலி, ஆமை, கடல் பசுவெல்லாம் சிவப்புப் பட்டியல்ல இருக்குன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. ஐயுசிஎன்னு இயற்கைப் பாதுகாப்புக்கான ஒரு சர்வதேச அமைப்பு போடுற பட்டியல் அது, எது எவ்வளவு அழியுற அபாயத்துல இருக்குன்னு. ஆனா தனித்தனி உயிருக்கு மட்டும் பட்டியல் போட்டா போதுமா? ஆமை இருக்கு, அது முட்டையிடுற மணல் இல்லைன்னா? அதனால 2014ல இருந்து முழு சூழல் மண்டலத்துக்கும், அதாவது ஒரு இடத்து மண்ணு, தண்ணி, உயிர் எல்லாம் சேர்ந்த மொத்தத்துக்கும், இதே மாதிரி சிவப்புப் பட்டியல் முறையை ஏத்துக்கிட்டாங்க. காடு, ஏரி, பவளத்திட்டு எதுவா இருந்தாலும் அஞ்சு பாடத்துல பரீட்சை.

முதல் பாடம், பரப்பு. 50 வருஷத்துல 30 சதவீதம் குறைஞ்சா அபாயத்தோட முதல் படி, 50 சதவீதம்னா ரெண்டாவது, 80 சதவீதம்னா சிவப்போ சிவப்பு. ரெண்டாவது, எவ்வளவு சின்ன இடத்துல முடங்கிக் கிடக்கு. ஒரே ஒரு முகத்துவாரத்துல மட்டும் இருக்கிற காட்டை ஒரே புயல் முடிச்சுடும். மூணாவது, மண்ணு, தண்ணி, உப்பு, கடல் மட்டம். நாலாவது, உள்ள இருக்கிற உயிர்களுக்குள்ள நடக்குற கொடுக்கல் வாங்கல்: நண்டு வளை தோண்டுதா, மீன்குஞ்சு வருதா, விதை முளைக்குதா. அஞ்சாவது, இது இன்னும் எத்தனை வருஷத்துல நிலைகுலையும்னு கணினிக் கணக்குப் போட்டுப் பார்க்கிறது. ஜாதகம் மாதிரிதான், ஆனா இதுல பரிகாரம் வேலை செய்யும்.

இந்தப் பரீட்சையில எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி என்னன்னா, சராசரியே கிடையாது. எந்தப் பாடத்துல மோசமோ அதுதான் மொத்த ரிசல்ட். நூறு வாங்கின கணக்கு வந்து அறிவியலைக் காப்பாத்தாது.

முழுசா ஃபெயில் ஆனா என்ன ஆகும்? மத்திய ஆசியாவுல இருக்கிற ஆரல் கடலைப் பாருங்க. பேர்தான் கடல், ஆனா ஏரி. 1960கள்ல பருத்திக்காக அமு தாரியா, சிர் தாரியா ரெண்டு நதியையும் வயலுக்குத் திருப்பினாங்க. உலகத்தோட நாலாவது பெரிய ஏரியா இருந்தது அது. இன்னைக்கு மொய்னாக் ஊர்ல மீன்பிடிக் கப்பல் எல்லாம் மணல்ல நிக்குது, பக்கத்துல ஒட்டகம். கல்லறைக்குப் போன சூழல் மண்டலத்துக்கு உதாரணம்னா பாடத்துல இதைத்தான் காட்டுவாங்க.

[காட்சி: மணலில் துருப்பிடித்த கப்பல். மூணு நொடி போதும்.]

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 2024 மே மாசம் ஐயுசிஎன் உலகத்து அலையாத்திக் காடு எல்லாத்தையும் 36 மண்டலமாப் பிரிச்சு முதல் தடவையா ரிசல்ட் போட்டாங்க. 44 நாடு, 250க்கு மேல நிபுணர்கள். உலகத்துல பாதி அலையாத்தி அபாயத்துல இருக்குன்னு சொன்னாங்க. அதுல தென்னிந்தியா, இலங்கை, மாலத்தீவு சேர்ந்த நம்ம மண்டலம் எந்தப் படியில தெரியுமா? கடைசிப் படி. அதுக்குக் கீழ ஆரல் கடல்தான்.

"என்னப்பா சொல்றே, வனத்துறை லட்சக்கணக்குல கன்னு நடுதே, பரப்பு கூடியிருக்குன்னு செய்தியெல்லாம் வருதே?"ன்னு கேப்பீங்க. வருது. நடுறாங்க. நான் பொய்னு சொல்லல. அது பரப்பு, நம்ம பையன் நூறு வாங்கின கணக்குப் பாடம் மாதிரி. நம்ம ஆளு ஃபெயில் ஆனது மூணாவது பாடத்துல. அதுலயும் முக்கியமா கடல் மட்டத்துல.

இந்த மூணாவது பாடம் எவ்வளவு நயவஞ்சகமானதுன்னு புரியணும்னா பிச்சாவரத்துக்குப் போகணும். இங்க கொஞ்ச நேரம் உக்காரப் போறேன், ஏன்னா இந்த வீடியோ எடுத்ததே இந்தக் கதைக்காகத்தான்.

படகுல போறப்ப ஒரு மரத்தோட கிளை முகத்துக்கு நேரா வந்துச்சு. நான் கையை நீட்டி ஒதுக்கப் போனேன். படகுக்கார அண்ணன் துடுப்பை விட்டுட்டு கத்தினாரு: "தம்பி, தொடாதீங்க! தில்லை அது. பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்." சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேர் வந்ததே இந்த மரத்தாலதான், கோயிலோட தல விருட்சமும் இதுதான். ஆனந்தத் தாண்டவம் நடக்குற ஊர் ஒரு சதுப்புநில மரத்தோட பேரைச் சுமந்துக்கிட்டு இருக்கு. நம்மள்ல எத்தனை பேருக்கு அது தெரியும்? எனக்கே அன்னைக்குத்தான் உறைச்சுது.

சரி, கதை. ஆங்கிலேயர் காலத்துல தொடங்கி 1970கள் வரைக்கும் பிச்சாவரத்தைப் பாத்தி பாத்தியாப் பிரிச்சு, ஒரு பாத்தி மரத்தை மொட்டையா வெட்டி எடுப்பாங்க, அப்புறம் அடுத்த பாத்தி. வெட்டின இடம் தானா முளைச்சுக்கும்னு கணக்கு. மத்த காட்டுல முளைக்கும். இங்க முளைக்கல. பல வருஷம் சும்மா பொட்டலாக் கிடந்துச்சு. ஊர்க்காரன் ஆடுமாடு மேய்க்கிறான், விறகு வெட்டுறான், அதான் வரலைன்னு பழியைத் தூக்கி ஊர் மேல போட்டாச்சு.

1990கள்ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க வந்து மண்ணைப் பார்த்தாங்க. விஷயம் வேற. மரம் போனதும் வெயில் நேரா சேத்துல அடிக்குது. சேறு காயுது, காய்ஞ்சா இறுகி அமுங்குது. நடுவுல தாம்பாளம் மாதிரி ஒரு பள்ளம் விழுந்திடுது. பெரிய ஓதம், அதாவது கடல் ஏத்தம், வரப்போ கடல் தண்ணி தாம்பாளத்துல ஏறுது. இறங்கும்போது விளிம்பு தடுக்குது, தண்ணி வெளிய போக வழியில்ல. நின்ன தண்ணி வெயில்ல ஆவியாகுது. தண்ணி போகும், உப்பு போகுமா? அடுத்த ஓதம், இன்னும் கொஞ்சம் உப்பு. இப்படியே வருஷக்கணக்கா. உப்பைத் தின்னே வளர்ற அலையாத்தியே தாங்க முடியாத அளவு உப்பு. கிட்டத்தட்ட யாரும் சம்பளம் வாங்காம நடத்தின உப்பளம் அது.

கவனிச்சீங்களா? வெட்டினவன் எப்பவோ போயிட்டான். பரப்பு குறையறதும் நின்னுடுச்சு. ஆனா மண்ணு உள்ளுக்குள்ள செத்துக்கிட்டே இருக்கு. வானத்துல இருந்து எடுத்த படத்துல இது தெரியாது.

[காட்சி: வெள்ளைத்தாளில் பேனாவால் வரைந்து காட்டுவது. கை நடுங்கினாலும் பரவாயில்ல.]

வைத்தியம் என்ன பண்ணாங்க? கன்னை வாரி இறைக்கல. முதல்ல மண்வெட்டியை எடுத்தாங்க. இயற்கையா ஓடுற ஓடையில இருந்து சாய்வா ஒரு பெரிய வாய்க்கால், அதுல இருந்து ரெண்டு பக்கமும் சாய்வா சின்னச் சின்ன வாய்க்கால். மேல இருந்து பார்த்தா அப்படியே மீன் முள்ளு. அதனால பேரே மீன்முள் வாய்க்கால். ஓதம் ஏறும்போது தண்ணி உள்ள வரும், இறங்கும்போது உப்பையும் கூட்டிக்கிட்டு வெளிய போகும். கரையை நேரா வெட்டாம சரிவா வெட்டி, அந்தச் சரிவுல ஓதம் தொட்டுட்டுப் போற உயரத்துல கன்னை வச்சாங்க. காடு வந்துச்சு. பழி சுமந்த அதே ஊர்க்காரங்கதான் வாய்க்காலை வெட்டினாங்க, தூர் எடுத்துப் பாத்துக்கிட்டாங்க.

இதைக் கேட்டப்புறமும் "பத்தாயிரம் கன்னு நட்டோம்"னு யாராவது போட்டோ போட்டா நான் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன்: தண்ணி வெளிய போக வழி இருக்கா?

இனி கடல் மட்டம். அலையாத்தி நடக்கும், தெரியுமா? சுரபுன்னையோட விதை கீழ விழுந்து முளைக்கிறதில்ல. மரத்துலயே முளைச்சு, பச்சை முருங்கைக்காய் மாதிரி தொங்கி, அப்புறம்தான் விழும். பிள்ளையைப் பெத்து வளர்த்து இறக்கி விடுற மரம். விழுந்தது சேத்துல குத்தி நிக்கும், இல்ல மிதந்து போய் வேற இடத்துல நிக்கும். கடல் ஏறினா, தலைமுறை தலைமுறையா இப்படி நிலத்துப் பக்கம் நகர்ந்து காடு பிழைச்சுக்கும். இன்னொரு வழி, ஆறு கொண்டுவர்ற வண்டலை வேரால பிடிச்சு தன் தரையைத் தானே உயர்த்திக்கிறது.

இப்ப நாம என்ன பண்ணி வச்சிருக்கோம்? வண்டலை அணையில நிறுத்திட்டோம். காவிரியில மேட்டூர் கட்டினது 1934ல. பின்னாடி நகரலாம்னா அங்க இறால் குட்டைக் கரை, உப்பளம், ரோடு, காம்பவுண்டு சுவர். முன்னாடி கடல், பின்னாடி சுவர். காடு நடுவுல. இப்போதைய கணிப்புப்படி போனா அடுத்த 50 வருஷத்துல உலக அலையாத்திப் பரப்புல 25 சதவீதம் தண்ணிக்குள்ள போகும்னு அதே 2024 மதிப்பீடு சொல்லுது.

சரி, இதுக்கும் திட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? இங்கதான் சட்டம் வருது. வரலாறை ஒரே மூச்சுல சொல்லிடுறேன்: இலங்கை 1981லயே கடலோரப் பாதுகாப்புச் சட்டம் போட்டுச்சு, நாம 1991ல கடலோரத்துல எங்க என்ன கட்டலாம், கூடாதுன்னு சொல்ற கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை போட்டோம், 2011ல மாத்தினோம், 2019ல இன்னொரு தடவை மாத்தினோம். முடிஞ்சுது வரலாறு.

2019 அறிவிக்கைப்படி, அலையாத்தி 1,000 சதுர மீட்டருக்கு மேல இருந்தா, அதாவது கிட்டத்தட்ட 25 சென்ட், அதைச் சுத்தி 50 மீட்டர் காப்பு வளையம் விடணும். 50 மீட்டர்னா ரெண்டரை கிரிக்கெட் பிட்ச்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. டெல்டா கரை எவ்வளவு தட்டைன்னு உங்களுக்கே தெரியும். 1,000 மீட்டர் நடந்தா 1 மீட்டர் ஏறுற தரைன்னு வச்சுக்குங்க. கடல் 30 சென்டிமீட்டர் ஏறினா ஓதக் கோடு எவ்வளவு உள்ள வரும்? 300 மீட்டர். நாம விட்டிருக்கிறது 50. நடக்கிற காட்டுக்கு நிக்கிற கோடு போட்டிருக்கோம்!

அபாய மதிப்பீட்டைத் திட்டத்துல நுழைக்கணும்னு சொல்றது இதுக்குத்தான். இன்னைக்குக் காடு எங்க இருக்குன்னு வரைபடத்துல பச்சையடிக்கிறது ஒரு வேலை. எந்தப் பாடத்துல ஃபெயில்னு பார்த்து, அதுக்கு ஏத்த இடத்தைக் காலியா வைக்கிறது வேற வேலை. உப்புல ஃபெயிலா, வாய்க்கால் வெட்டு. வண்டல்ல ஃபெயிலா, அணைக்காரங்களோட பேசு. கடல் மட்டத்துல ஃபெயிலா, பின்னாடி நிலத்துல கான்கிரீட் போட விடாதே. மூணுக்கும் ஒரே மாத்திரை கன்னு நடுறதுன்னா, தலைவலி, வயித்துவலி, கால்முறிவு எல்லாத்துக்கும் தைலம் தடவுற கதைதான்.

"ஒருங்கிணைந்த"ங்கிற வார்த்தை ஏன்னா, கடலுக்குத் துறை பிரிக்கத் தெரியாது. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில மணல் வருஷக் கணக்குல பார்த்தா தெக்கே இருந்து வடக்கே போயிட்டே இருக்கு. சென்னைத் துறைமுகம் கட்டினாங்க, தெக்கே மணல் தேங்கி மெரினா அகலமாச்சு. வடக்கே ராயபுரத்துப் பக்கம் கடல் ஊரைத் தின்ன ஆரம்பிச்சுது. நீங்க சுண்டல் சாப்பிடுற மணல் இன்னொருத்தர் வாசல்ல இருந்திருக்க வேண்டியது. துறைமுகம் ஒரு துறை, மீன்வளம் ஒரு துறை, காடு ஒரு துறை, ஆறு ஒரு துறை. மணலுக்கு இதெல்லாம் யார் சொல்றது?

ஒரு விஷயத்துல மட்டும் எனக்கு இந்த முறை மேல கொஞ்சம் பயம் உண்டு, மறைக்க விரும்பல. "பின்னாடி இடம் விடு"ன்னு சொன்னா அந்தப் பின்னாடி யாரு இருக்காங்க? பல இடத்துல மீனவக் குப்பம். வலை காயவைக்கிற இடம், படகு ஏத்துற இடம், பொது மணல். 2023ல தமிழ்நாட்டுக் கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தோட வரைவு வரைபடத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தப்ப மீனவர்கள் கேட்டதே அதைத்தான்: "எங்க ஊரையே வரைபடத்துல காணோமே?" காட்டுக்கு இடம் விடுற பேர்ல குப்பத்தைக் காலி பண்ணிட்டு, நாலு வருஷம் கழிச்சு அங்க ரிசார்ட் முளைச்சா, அது மதிப்பீடு இல்ல, மோசடி. இறால் குட்டைக் கரையையும் மீனவர் வீட்டையும் ஒரே நிறத்துல காட்டுற வரைபடத்தை நான் நம்ப மாட்டேன்.

இப்ப உங்களுக்கு ஒரு வேலை. கடலோர மாவட்டத்துக்காரங்க உங்க மாவட்டத்தோட கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தை எடுங்க, பொதுவுலதான் இருக்கு. உங்க ஊர் அலையாத்தியைக் கண்டுபிடிங்க. அதுக்கு முன்னாடி என்ன இருக்குன்னு பார்க்க வேண்டாம், அது கடல். அதுக்குப் பின்னாடி 300 மீட்டர்ல என்ன இருக்குன்னு பார்த்துட்டு கமெண்ட்ல எழுதுங்க. முத்துப்பேட்டை, பரங்கிப்பேட்டை, எண்ணூர்க்காரங்க முதல்ல வாங்க. அந்தப் பக்கம், மன்னார், மட்டக்களப்பு நண்பர்களும் வாங்க, நாம எல்லாம் அலையாத்தி இருக்கிற கரைக்காரங்கதான்.

லைக், சப்ஸ்கிரைப் எல்லாம் உங்க இஷ்டம். தில்லை மரத்தைப் பார்த்தா மட்டும் கையை நீட்டிடாதீங்க.

[இறுதிக் காட்சி: ஓதம் இறங்குது. சேத்துல குத்தி நிக்கிற ஒத்தைச் சுரபுன்னைக் கன்னு. அதுக்குப் பின்னாடி ஒரு மண் கரை.]