பதினாறு பகுதிகள், ஒரு சொட்டும் விழாத டிரிப்ஸ்

வணக்கம் நண்பர்களே. என் கண்கள் ஏன் இப்படி வீங்கியிருக்கின்றன என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: அந்தத் தொடரின் பதினாறாவது பகுதியை நேற்றிரவு பார்த்து முடித்துவிட்டேன். நோயுற்ற குழந்தையை வைத்து எடுக்கும் தொடர் எதையும் இனித் தொடவே மாட்டேன் என்று இதே நாற்காலியில் அமர்ந்து நான் சபதம் செய்த காணொளியை உங்களில் சிலர் இந்நேரம் தேடத் தொடங்கியிருப்பீர்கள். தேட வேண்டாம். சபதம் செய்ததும் உண்மை, அதை மீறியதும் உண்மை. போன மாதம் நான் வைத்த வாக்கெடுப்பில் நீங்கள்தான் இதைத் தேர்ந்தெடுத்துத் தலையில் கட்டினீர்கள். தொடரின் பெயரைச் சொல்லமாட்டேன். வாக்களித்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குக் கதையின் முடிவை உடைத்துவிட்டேன் என்ற பழி எனக்கு வேண்டாம்.

முதலில் என் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். ஒன்பதாம் பகுதியின் முடிவில் அந்த ஆறு வயதுச் சிறுமி, தலையணையில் உதிர்ந்து கிடக்கும் தன் முடியை அம்மா பார்த்துவிடக் கூடாதென்று தலையணையைத் திருப்பிப் போட்டு, அதன் மேல் தலையை வைத்துத் தூங்குவது போல நடிக்கிறாள். இசை இல்லை, வசனம் இல்லை. திரை மெல்ல இருள்கிறது. நான் என் மஞ்சள் துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றுவதற்குள், அடுத்த பகுதி ஐந்து நொடிகளில் தொடங்கும் என்று ஒரு பெட்டி மூலையில் குதித்து வந்து எண்ணத் தொடங்குகிறது. ஐந்து, நான்கு, மூன்று, உடனே பத்தாம் பகுதியின் துள்ளலான தொடக்கப் பாடல். அழுகிற மனிதருக்கு ஐந்து நொடி போதும் என்று முடிவு செய்தவர் யார்? ரிமோட்டில் உள்ள எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பார்த்தேன். அமைப்புகளுக்குள் போனேன், அதற்குள் இருந்த மொழிப் பட்டியலுக்குள் தெரியாமல் நுழைந்து பாதித் தொடரை எனக்குத் தெரியாத மொழியில் மாற்றிவிட்டேன், அதைச் சரிசெய்யவே கால் மணி நேரம் போயிற்று. கடைசியில் அந்த வசதியை நிறுத்தும் இடம் தொலைக்காட்சியிலேயே இல்லை, கணினியில் கணக்கைத் திறந்து, சுயவிவரத்துக்குள் போய், எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த ஒரு சிறு கட்டத்தில் டிக்கை எடுக்க வேண்டும் என்று கண்டுபிடித்தேன். பன்னிரண்டாம் பகுதி முடிந்தபோது தொடரில் பணியாற்றியவர்களின் பெயர்கள் தடையின்றி மேலேறுவதைப் பார்த்து நான் எழுந்து நின்று கைதட்டினேன் என்றால் நம்புவீர்கள். நீங்கள் என்னை அறிந்தவர்கள். அந்தப் பெயர்களைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

கதை உங்களுக்குத் தெரிந்த கதைதான். சிறுமிக்கு ரத்தப் புற்றுநோய், அதிலும் குழந்தைகளுக்கு மிக அதிகமாக வரும் ‘ஏ.எல்.எல்.’ வகை. விளையாடும்போது விழாமலே உடம்பில் நீலத் தழும்புகள் வருகின்றன, காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, கால் வலிக்கிறது என்று நொண்டுகிறாள், முகம் வெளுக்கிறது. இந்த முதல் இரண்டு பகுதிகளை எழுதியவரை மனதாரப் பாராட்டுகிறேன், ஏனென்றால் என் அக்காள் மகனுக்கும் இப்படித்தான் தொடங்கியது. பழைய நேயர்களுக்கு அவனைத் தெரியும். ஐந்து வயதில் படுத்தான், இரண்டரை ஆண்டுகள் சிகிச்சை, இப்போது பதினான்கு வயது, காணொளியில் முகத்தைக் காட்டினால் என்னோடு பேசமாட்டேன் என்று மிரட்டும் அளவுக்கு ஆரோக்கியம். இந்தத் தொடரில் ஏழாம் பகுதி முதல் அவனும் என்னோடு உட்கார்ந்து பார்த்தான். அவன் பார்க்க வேண்டுமா என்று நான் தயங்கியபோது, “சித்தி, நான் உள்ளே இருந்தவன், நீங்கள் வெளியே இருந்தவர், பயப்பட வேண்டியது நீங்கள்தான்” என்றான்.

வந்து அமர்ந்த ஐந்தாவது நிமிடத்தில் அவன் திரையை நிறுத்தச் சொன்னான். டிரிப்ஸ் ஸ்டாண்டில் பாட்டில் தொங்குகிறது, குழாய் இறங்குகிறது, நடுவில் அந்தச் சிறு கண்ணாடிக் குமிழ் இருக்கிறதே, சொட்டுச் சொட்டாக மருந்து விழுமே, அதில் ஒரு சொட்டும் விழவில்லை. அதற்குப் பிறகு எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. அப்பா கதறுகிறார், நான் குமிழைப் பார்க்கிறேன். பாட்டி தெய்வத்தோடு சண்டை போடுகிறார், நான் குமிழைப் பார்க்கிறேன். பதினாறு பகுதிகளிலும் நான் எண்ணிய வரையில் டிரிப்ஸ் வரும் காட்சிகள் நாற்பத்தொன்று, விழுந்த சொட்டுகள் பூஜ்யம். வார்டில் இரவு முழுவதும் உட்கார்ந்த எவரையும் கேட்டுப் பாருங்கள், தூக்கக் கலக்கத்திலும் கண் போவது அந்தக் குமிழின் மேல்தான். சொட்டு நின்றால் கை வீங்கியிருக்கலாம், செவிலியரைக் கூப்பிட வேண்டும், ஊசியை வேறு இடத்தில் குத்த வேண்டும். கிளிசரினில் கண்ணீரை ஊற்றிக் கொடுத்தவர்களுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்கவில்லையா?

ஆனால் என் பெரிய மனக்குறை டிரிப்ஸ் பற்றியதன்று, குழந்தையைப் பற்றியது. இந்தச் சிறுமி பதினாறு பகுதிகளிலும் நல்லவளாகவே இருக்கிறாள். மெலிந்துகொண்டே போகிறாள், பெரிய கண்களால் எல்லோரையும் மன்னிக்கிறாள், ஞானிகள் பேச வேண்டியதை ஆறு வயதில் பேசுகிறாள். தலைக்கு ரப்பர் உறை மாட்டி மொட்டையாக்கியவர்கள் புருவத்தையும் இமைமுடியையும் கருகருவென்று விட்டுவிட்டார்கள். பல குழந்தைகளுக்கு அவையும் மெலிந்துவிடும் என்பது இருக்கட்டும். சிகிச்சையின் முதல் நான்கு வாரங்களில் கீமோவோடு ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுப்பார்கள். அந்த மாதத்தில் குழந்தை மெலிவதில்லை, ஊதும். கன்னம் நிலா போல உருண்டுவிடும், பசி வெறியாக மாறும், அதைவிடக் கோபம் வரும். என் அக்காள் மகன் இரவு இரண்டு மணிக்கு எழுந்து உப்பாக ஏதாவது வேண்டும் என்று கத்துவான், கொண்டுவந்து கொடுத்தால் இது வேண்டாம் என்று தட்டைத் தள்ளுவான், பிறகு தள்ளியதற்காக அழுவான். எட்டாம் பகுதியில் சிறுமி உணவைத் தொடாமல் “எனக்குப் பசியில்லை அம்மா, தம்பிக்குக் கொடுங்கள்” என்று புன்னகைத்தபோது, பக்கத்தில் இருந்தவன் விழுந்து விழுந்து சிரித்தான். “ஸ்டீராய்டு மாதத்தில் தம்பி அந்தத் தட்டின் பக்கம் வந்திருந்தால் அவனையே கடித்திருப்பேன்” என்றான். அழ வைப்பதற்கு நோயாளிக் குழந்தை தேவதையாக இருக்க வேண்டும் என்று இவர்கள் ஏன் நினைக்கிறார்கள்? ஊதிய முகத்தோடு எல்லோரையும் திட்டித் தீர்த்துவிட்டு, களைத்து, அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்தபடி தூங்கும் பிள்ளையைக் காட்டினால் எனக்கு இரண்டு துண்டு தேவைப்பட்டிருக்கும்.

ஒன்றை மறந்துவிட்டேன், ஒன்பதாம் பகுதிக்கே திரும்பிப் போகிறேன். தலையணைக் காட்சிக்குப் பிறகு நான் எவ்வளவு நேரம் அழுதேன் என்று கைக்கடிகாரத்தில் பார்த்தேன், பதினொரு நிமிடம். அழுதால் மனம் இலேசாகும் என்பார்கள், எனக்கோ முன்பைவிடக் கனத்தது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் அறுபது பேரைச் சோகப் படங்கள் பார்க்க வைத்து, அழுதவர்களின் மனநிலையை அளந்திருக்கிறார்கள்: படம் முடிந்த உடனே அது சரிந்திருக்கிறது, இருபது நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்திருக்கிறது, தொண்ணூறு நிமிடம் கழித்துப் படம் பார்ப்பதற்கு முன் இருந்ததைவிடவும் மேலாகியிருக்கிறது. ஆக, கனத்த மனம் தெளிய வேண்டுமானால் ஒன்றரை மணி நேரம் விட வேண்டும். ஐந்து நொடி விடுகிறார்கள்.

பதின்மூன்றாம் பகுதியில் நான் துண்டை வீசியெறிந்தேன். எலும்புக்குள் ரத்த அணுக்களை உருவாக்கும் மஜ்ஜையை மாற்றும் சிகிச்சை. சிறுமியைத் தள்ளுபடுக்கையில் வைத்து ஓடுகிறார்கள், அறுவை அரங்கின் கதவு மூடுகிறது, மேலே சிவப்பு விளக்கு எரிகிறது, வெளியே குடும்பமே நிற்கிறது, ஆறு மணி நேரம் கழித்து மருத்துவர் முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே வருகிறார். நண்பர்களே, மஜ்ஜையைப் பெறுகிறவருக்கு அறுவைச் சிகிச்சையே கிடையாது. கொடுப்பவருக்குத்தான் மயக்க மருந்து தந்து இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் எடுப்பார்கள். பெறுகிற குழந்தை தன் கட்டிலில் படுத்திருக்கும், ஸ்டாண்டில் ரத்தம் ஏற்றுவது போல ஒரு பை தொங்கும், அது இறங்கும், முடிந்தது. பயங்கரம் அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. முன்னால் பழைய மஜ்ஜையை அழிக்கக் கடுமையான கீமோ, பின்னால் புதிய அணுக்கள் வேர் பிடிக்கும் வரை இரண்டு மூன்று வாரங்கள் தனியறை, தினமும் காலையில் ரத்த அணுக்களின் கவுன்ட் எத்தனை என்று கேட்பது, இன்றும் பூஜ்யம்தான் என்று கேட்டுத் திரும்புவது. வேர் பிடித்த பிறகு குழந்தையின் ரத்த வகையே கொடுத்தவரின் வகைக்கு மாறிவிடக்கூடும் என்பதை எழுதியவர் அறிந்திருந்தால் நான்கு பகுதிகளுக்குக் கதை கிடைத்திருக்கும். இன்னொன்று, இந்த வகை நோயில் பெரும்பாலான குழந்தைகளுக்கு மாற்றுச் சிகிச்சையே தேவைப்படுவதில்லை, கீமோவே போதும். வசதியான நாடுகளில் இப்போது பத்தில் ஒன்பது பேர் போலப் பிழைக்கிறார்கள். 1948-இல் பாஸ்டனைச் சேர்ந்த சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், அமினோப்டெரின் என்ற மருந்தைப் பதினாறு குழந்தைகளுக்குக் கொடுத்ததில் பத்துப் பேருக்குச் சில காலம் நோய் தணிந்தது என்று எழுதினார். அன்று அந்தச் சில காலமே அதிசயமாக இருந்தது. தொடர்களில் வரும் மருத்துவர் இன்னும் அந்த ஆண்டிலேயே நின்றுகொண்டு, மேலே கையைக் காட்டி, இனி எல்லாம் அவன் செயல் என்கிறார்.

பதினான்காம் பகுதியில் இதயம் நின்று, திரையில் நேர்கோடு ஓட, மின்னதிர்ச்சி கொடுத்து எழுப்புகிறார்கள். நேர்கோட்டுக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதில்லை, நெஞ்சை அழுத்துவார்கள், மருந்து கொடுப்பார்கள். இதை முன்பே மூன்று காணொளிகளில் சொல்லிவிட்டதால் இன்று விட்டுவிடுகிறேன்.

இத்தனை திட்டிய பிறகும் இந்தத் தொடரை ஏன் முடித்தேன் என்றால், பதினொன்றாம் பகுதியில் வரும் ஏழு நிமிடக் காட்சிக்காகத்தான். கையில் ஊசியைப் பிடித்து வைக்க ஒட்டிய பிளாஸ்திரியை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் காட்சி. முதுகுத் தண்டில் ஊசி போட்டபோது அசையாமல் படுத்திருந்த சிறுமி, பிளாஸ்திரி என்றதும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறாள். நானே எடுப்பேன் என்கிறாள். பத்து எண்ணுவேன் என்கிறாள். ஏழு வரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறாள். அவசரப்படாத அந்தச் செவிலியர் பஞ்சில் எண்ணெயைத் தொட்டு ஓரத்தில் தடவிக்கொண்டே, அவளோடு சேர்ந்து ஒன்றிலிருந்து எண்ணுகிறார். மூலை கொஞ்சம் கிளம்புகிறது, மெல்லிய ரோமங்கள் இழுபடுகின்றன, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு “உங்களைப் பிடிக்கவே பிடிக்காது” என்கிறாள், அவர் “தெரியும், எட்டு” என்கிறார். முன்பு சொன்ன ஞானி அந்த ஏழு நிமிடமும் காணாமல் போய், ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இருந்தவன் சிரிக்கவில்லை. தன் இடது மணிக்கட்டை வலது கையால் மூடிக்கொண்டிருந்தான். அவன் அதை அறிந்து செய்யவில்லை என்றே நினைக்கிறேன். இந்தக் காட்சியிலும் வயலினை நுழைத்திருந்தால் நான் தொலைக்காட்சியை விற்றிருப்பேன். நுழைக்கவில்லை.

தம்பியைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. சிறுமிக்கு நான்கு வயதில் ஒரு தம்பி இருக்கிறான், மஜ்ஜை பொருந்துமா என்று பார்க்கும்போது மட்டும் எல்லோருக்கும் அவன் நினைவு வருகிறது. உடன்பிறந்த ஒருவருடையது முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான், இவனுக்கோ முதல் சோதனையிலேயே பொருந்திவிடுகிறது, போகட்டும். ஊசி போட்ட மறு காட்சியில் அவன் எங்கே தூங்கினான், யார் அவனுக்குத் தலை வாரினார்கள் என்று ஒரு வரி இல்லை. என் அக்காளின் இளைய மகள் அந்த இரண்டரை ஆண்டில் மூன்று வீடுகளில் வளர்ந்தாள்; தனக்கும் காய்ச்சல் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டதாக அண்மையில்தான் சொன்னாள்.

இனி அந்தப் பெயர்கள். நேற்றிரவு கடைசிப் பகுதி முடிந்ததும் பெயர்களை முழுவதுமாகப் பார்த்தேன், இரண்டு இடங்களில் நிறுத்தி எழுந்து போய்த் திரைக்கு அருகில் நின்று படித்தேன். மருத்துவ ஆலோசகர் என்று ஒருவருடைய பெயர் இருந்தது. அப்படி ஒருவர் இருந்திருக்கிறார் என்பதே எனக்கு அதிர்ச்சி. அதற்கு வெகு கீழே, ஒப்பனை உதவியாளர்களுக்கும் வாகன ஓட்டுநர்களுக்கும் பிறகு, பொடி எழுத்தில், பதினொன்றாம் பகுதிக்கு உதவிய குழந்தைகள் வார்டின் மூன்று செவிலியர்களுக்கு நன்றி என்று ஒரு வரி ஓடியது. அந்த எண்ணெயும் பஞ்சும், “தெரியும், எட்டு” என்பதும் எங்கிருந்து வந்தன என்று புரிந்தது. அக்காள் மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் படித்துவிட்டு, “டிரிப்ஸ் காட்சிகளுக்கு இவர்களைக் கூப்பிடவில்லை போலிருக்கிறது சித்தி” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனான்.